எழுத்தில் வராத புணர்ச்சி: ஆங்கிலப் பேச்சில் ஒலிகள் எங்கே போகின்றன?

ஆங்கில நாளிதழைத் தடங்கலின்றிப் படிப்பார், மின்னஞ்சல் பிழையில்லாமல் எழுதுவார். அதே ஆள், லண்டன்காரர் ஒருவர் தொலைபேசியில் பேசினால் தடுமாறுவார். 'வாட் டு யூ வான்ட் டு டூ' என்பதில் உள்ள ஆறு சொற்களும் ஐந்தாம் வகுப்பிலேயே தெரிந்தவை. ஆனால் காதில் விழுவது 'வாட்ஜ வான டூ'. ரொம்ப வேகமாகப் பேசுகிறார்கள் என்று பழியை வேகத்தின்மேல் போடுவார். வேகம் பாதிக் காரணம்கூட இல்லை. அந்தப் பதிவை முக்கால் வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டாலும் 'டு யூ' கிடைக்காது. பதிவில் அது இல்லவே இல்லை; பேசியவர் வாயிலேயே 'ஜ' ஆகிவிட்டது.

இது தமிழருக்குப் புதிய விஷயமா என்றால், இல்லை. 'என் பேர்' என்பதை 'எம்பேரு' என்கிறோம். 'என்கிட்ட' என்பது 'எங்கிட்ட' ஆகிறது. 'படித்து' பேச்சில் 'படிச்சு'. பள்ளியில் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மனப்பாடம் செய்த மூன்றும் ஆங்கிலத்தில் அன்றாடம் நடக்கின்றன. மேலைநாட்டு மொழியியலாளர்களே இதற்குச் 'சந்தி' என்ற நம் பக்கத்துச் சொல்லைத்தான் கலைச்சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். வேறுபாடு ஒன்றுதான். தமிழ் தன் புணர்ச்சியில் பெரும்பகுதியை எழுத்திலும் காட்டிவிடுகிறது. 'மரம்கள்' என்று யாரும் எழுதுவதில்லை. ஆங்கில எழுத்தோ ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக நிறுத்தி, நடுவில் இடம் விட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். நாம் ஆங்கிலத்தைக் காதுவழி அல்லாமல் கண்வழி கற்றவர்கள் என்பதால் அந்தத் தோற்றத்தை நம்பிவிட்டோம்.

தமிழ் எழுத்தில் ஆங்கில ஒலியைக் காட்டுவதில் இரண்டு சங்கடங்கள் உண்டு. அவற்றை முதலில் சொல்லிவிடலாம். தமிழில் உயிர்களுக்கு நடுவே தனியாக வரும் வல்லினம் மெலிந்துவிடும். 'பகல்' என்பதில் உள்ள ககரம் வேறு, 'பக்கம்' என்பதில் உள்ளது வேறு. அதனால்தான் 'லெட்டர்', 'காப்பி' என்று இரட்டித்து எழுதிப் பழகியிருக்கிறோம். கீழே வரும் எடுத்துக்காட்டுகளில் ஒரு சொல்லுக்குள் ஒற்று இரட்டித்தால், ஒலி மெலியக்கூடாது என்பது மட்டுமே பொருள். அழுத்தி நீட்ட வேண்டாம். இன்னொன்று, ஒலிப்பைக் காட்டும் இடங்களில் வரும் 'அ' பெரும்பாலும் முழு அகரம் இல்லை, அரைகுறை அகரம். எல்லாவற்றுக்கும் மூலம் அந்த அரைகுறை ஒலிதான்.

எழுத்தே இல்லாத உயிர்

ஆங்கிலத்தில் மிக அதிகமாக ஒலிக்கும் உயிருக்கு ஆங்கில அரிச்சுவடியில் தனி எழுத்து கிடையாது. ஹீப்ரு இலக்கணத்திலிருந்து வாங்கிய 'ஷ்வா' என்ற பெயரால் அதைக் குறிக்கிறார்கள். நாக்கு வாயின் நடுவில் சும்மா கிடக்கும். உதடு குவியாது, இழுபடாது. 'அபவுட்' என்பதன் முதல் ஒலியும் 'டீச்சர்' என்பதன் கடைசி உயிரும் அதுதான். எழுத்தில் எந்த உயிர் இருந்தாலும் அழுத்தம் விழாத அசையில் இந்தக் குழிக்குள் சறுக்கிவிடும். 'டேக்கன்' என்பதில் ஈ, 'பென்சில்' என்பதில் ஐ, 'லெமன்' என்பதில் ஓ, 'சர்க்கஸ்' என்பதில் யூ என்று எழுத்துகள் நான்கு. இரண்டாம் அசையின் உயிர் ஒன்றே.

தமிழில் இதற்கு நெருங்கிய உறவு குற்றியலுகரம். 'வீடு' என்பதன் கடைசி உகரத்துக்கு நாம் உதட்டைக் குவிப்பதில்லை. அதன் மாத்திரையும் பாதியாகிறது. பின்னால் ஓர் உயிர் வந்தால் 'வீடில்லை' என்று மறைந்தே போகிறது. ஆங்கிலத்தின் குறுக்கம் சொல்லின் கடைசியோடு நிற்காமல், அழுத்தம் இல்லாத எல்லா இடத்திலும் நடக்கும் என்று வைத்துக்கொண்டால் பாதி தூரம் வந்துவிட்டோம்.

அழுத்தம் எங்கே விழும்? பொருளைச் சுமக்கும் பெயர், வினை, பெயரடை, வினையடை ஆகியவற்றில். மற்றவை ஒட்டுவேலைச் சொற்கள், அவை சுருங்கும். 'கோட்ஸ் ஈட் லீவ்ஸ்' என்பதில் மூன்று அசை, மூன்று அழுத்தம். 'த கோட்ஸ் வில் ஈட் த லீவ்ஸ்' என்றால் ஆறு அசை, அழுத்தம் அதே மூன்று. 'த கோட்ஸ் குடவ் பின் ஈட்டிங் த லீவ்ஸ்' என்று ஒன்பது அசையாக்கினாலும் தாளம் விழுவது கோட்ஸ், ஈட், லீவ்ஸ் என்ற மூன்றில்தான். நடுவில் நுழைந்த அசைகள் கூட்ட நெரிசலில் நசுங்குகின்றன. அமெரிக்க மொழியியலாளர் கென்னத் பைக் 1945-ல் மொழிகளை அழுத்தத்தால் காலம் பிரிப்பவை, அசையால் காலம் பிரிப்பவை என்று வகுத்தார். கருவி வைத்து அளந்தவர்கள், அழுத்தங்களுக்கு இடையே உள்ள நேரம் அப்படித் துல்லியமாகச் சமமாக இல்லை என்று பிறகு காட்டிவிட்டார்கள். கோட்பாடு அடிவாங்கினாலும், வாயைப் பழக்குவதற்கு அந்தத் தாளக்கட்டு இன்றும் உதவும். மேசையில் மூன்று தட்டு தட்டிக்கொண்டே மேலே சொன்ன மூன்று வாக்கியங்களையும் அதே மூன்று தட்டுக்குள் சொல்லிப் பாருங்கள். எது சுருங்கியே ஆகவேண்டும் என்பது தானாகப் புரியும்.

தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று ஒவ்வொரு அசைக்கும் அதற்குரிய பங்கைக் கொடுத்துப் பழகிய வாய் நம்முடையது. ஆங்கிலத்திலும் அதே நேர்மையைக் காட்டுகிறோம். 'டு', 'ஃபார்', 'அண்ட்' எல்லாம் பெயர்ச்சொல் அளவுக்குப் பெரிதாக வந்து நிற்கின்றன. கேட்பவருக்கு எது முக்கியம் என்று பிரித்தறிய முடிவதில்லை. நம் உச்சரிப்பு புரியவில்லை என்று வெளிநாட்டவர் சொல்லும்போது, குறை தனி எழுத்துகளில் இருப்பதைவிட இங்கே இருப்பதே அதிகம்.

நாற்பது சொற்கள்

நல்ல செய்தி என்னவென்றால், இப்படி மெலிந்த வடிவம் கொண்ட சொற்கள் ஏறக்குறைய நாற்பதுதான். 'அண்ட்' என்பது 'அன்' ஆகும், சில இடங்களில் வெறும் 'ன்' ஆகும்; 'ராக் அன் ரோல்' எல்லோருக்கும் தெரிந்ததுதான். 'ஃபார்' 'ஃப' ஆகும். 'ஃப்ரம்' முழு ஒகரத்தை இழக்கும். 'டு' மெய்க்கு முன் 'ட', உயிருக்கு முன் மட்டும் 'டு'. 'வாஸ்' 'வஸ்' ஆகும். ஒற்றை எஃப் போட்டு எழுதினாலும் 'வ்' என்று ஒலிக்கும் 'ஒவ்' முதலில் 'அவ்' ஆகும், மெய்க்கு முன் வெறும் 'அ' ஆகவும் தேயும். பிரிட்டனில் 'கப் ஒவ் டீ' தேய்ந்து 'கப்ப டீ' ஆகி, கடைசியில் டீ என்ற சொல்லும் கழன்று, 'கப்ப' என்றாலே ஒரு கோப்பைத் தேநீர் என்று அகராதியில் ஏறிவிட்டது. மணி சொல்லும்போது வரும் 'ஓ க்ளாக்' என்பதன் ஓகாரமும் 'ஒவ் த க்ளாக்' என்பதன் மிச்சம்தான்.

'ஹேவ்' துணைவினையாக வந்தால் அதுவும் 'அவ்' ஆகும். 'ஷுட் ஹேவ்' என்பது 'ஷுடவ்'. இரண்டு வெவ்வேறு சொற்கள் ஒரே ஒலிக்குள் விழுந்துவிட்டதால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே 'ஹேவ்' எழுத வேண்டிய இடத்தில் 'ஒவ்' எழுதிவிடுகிறார்கள். அங்கே ஆசிரியர்கள் சிவப்பு மையால் சுழித்துச் சலித்த பிழை அது. நாம் அந்தப் பிழையைச் செய்வதில்லை என்பதே நாம் காதால் கற்கவில்லை என்பதற்குச் சான்று.

'ஹிம்', 'ஹெர்', 'ஹீ' ஆகியவற்றின் ஹகரமும் வாக்கியத்தின் நடுவில் உதிரும். 'டெல் ஹிம்' 'டெலிம்' ஆகும். 'டிட் ஹீ கோ' 'டிடி கோ' ஆகும். வாக்கியத்தின் தொடக்கத்தில் உதிராது.

மெலியக்கூடாத இடங்களையும் சேர்த்தே கற்கவேண்டும். சொல் வாக்கியத்தின் கடைசியில் நின்றால் முழு வடிவம்தான்: 'வாட் ஆர் யூ லுக்கிங் ஏட்' என்பதில் கடைசிச் சொல் 'அட்' என்று குறுகாது. எதிர்மறுத்துச் சொல்லும்போதும் முழு வடிவம்: கடிதம் அவரிடமிருந்து வரவில்லை, அவருக்குப் போகிறது என்று திருத்தினால் 'ஃப்ரம்', 'டு' இரண்டும் நிமிர்ந்து நிற்கும். 'அது' என்று சுட்டும் 'தேட்' ஒருபோதும் மெலியாது. 'என்று' என்ற பொருளில் வரும் அதே சொல் எப்போதும் 'தட்'.

இந்த நாற்பதிலும் நமக்கு அதிகம் விலை வைப்பது 'கேன்' தான். அமெரிக்கர் 'முடியும்' என்று சொல்ல 'ஐ கன் டூ இட்' என்பார்; 'கன்' கண்ணிமைப்பதற்குள் கடந்துவிடும், அழுத்தம் 'டூ'வில். 'முடியாது' என்பதற்கு 'ஐ கேன்ட் டூ இட்'. இதில் கடைசி 'ட்' அடுத்த 'ட'கரத்தோடு அடைபட்டு வெளியே கேட்பதில்லை. ஆகவே அவர் காது அந்த 'ட்'டைத் தேடுவதே இல்லை. உயிர் முழுதாக வந்தால் எதிர்மறை, குறுகி வந்தால் உடன்பாடு என்றுதான் பிரிக்கிறது. நாம் திருத்தமாகச் சொல்வதாக எண்ணி 'ஐ கேன் டூ இட்' என்று முழு ஏகாரத்தோடு சொன்னால், முடியாது என்று சொன்னதாக எடுத்துக்கொள்வார். பிரிட்டனில் எதிர்மறைக்குக் 'கான்ட்' என்று ஆகாரம் வருவதால் இந்தக் குழப்பம் குறைவு. 'யெஸ், ஐ கேன்' என்ற குறும்பதிலில் மட்டும் சொல் கடைசியில் நிற்பதால் முழு வடிவம் வரும்.

ஒட்டுவதும் உடம்படுவதும்

'அவன்', 'இல்லை' சேர்ந்து 'அவனில்லை' ஆவதுபோல, மெய்யில் முடியும் ஆங்கிலச் சொல் அடுத்து வரும் உயிரில் ஏறிக்கொள்ளும். 'பிக் இட் அப்' 'பிக்கிட்டப்' ஆகும். 'நாட் அட் ஆல்' 'நாட்டட்டால்' ஆகும். இது நமக்கு எளிது. ஆனால் ஒரு கண்ணி உண்டு. ஒட்டியதும் தமிழ் நாக்கு தன் வழக்கப்படி நடுவில் வந்த வல்லினத்தை மெலிய வைக்கும். 'பிக்' என்றது 'பிக்' ஆகவே இருக்கவேண்டும். 'பகல்' என்பதன் ககரம்போல் மெலிந்தால் கேட்பவருக்குப் பன்றி ஞாபகம் வரும்.

இப்படி ஒட்டியதால் சொற்களின் எல்லையே இடம் மாறிய கதைகள் ஆங்கிலத்தில் உண்டு. சமையலறையில் கட்டும் ஏப்ரன் ஒருகாலத்தில் 'நாப்ரன்'. 'அ நாப்ரன்' என்று சொன்னதைக் கேட்டவர்கள் 'அன் ஆப்ரன்' என்று பிரித்துவிட்டார்கள். அதே வேரிலிருந்து வந்த 'நாப்கின்' தன் நகரத்தைக் காப்பாற்றிக்கொண்டது. கிரிக்கெட் அம்பயரும் அப்படித்தான். இடைக்கால ஆங்கிலத்தில் அந்தச் சொல் நகரத்தில் தொடங்கியது. எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது: கூடுதல் பெயர் என்ற பொருளில் இருந்த 'அன் ஈக் நேம்' தனக்கு முன்னால் நின்ற 'அன்' என்பதன் நகரத்தைப் பிடுங்கிக்கொண்டு 'நிக் நேம்' ஆனது. சொல்லெல்லையைக் காதால் பிடிக்க முடியாமல் திணறுவது நாம் மட்டும் இல்லை என்பது ஓர் ஆறுதல்.

உயிரும் உயிரும் சந்திக்கும்போது நடப்பதைப் பார்த்தால், நம் உடம்படுமெய்ப் பாடத்தை யாரோ அங்கே நடத்திவிட்டு வந்ததுபோல் இருக்கும். இ, ஈ, ஐ வழி யகரம், உ, ஓ வழி வகரம். 'மணியடித்தது', 'பூவழகு' என்பதுபோல 'ஐ ஆம்' என்பதன் நடுவில் ஒரு யகரமும் 'கோ அவுட்' என்பதன் நடுவில் உதடு குவித்த வகரமும் ஊறும். ஆங்கில வகரத்துக்குக் கீழுதடு பல்லில் படக்கூடாது என்பதுதான் வேறுபாடு. அந்த யகரமும் முழு யகரம் இல்லை. 'மை இயர்ஸ்' என்றால் என் காதுகள்; யகரத்தை அழுத்திவிட்டால் என் ஆண்டுகள் ஆகிவிடும்.

நாம் தவறுவது வேறு இடத்தில். பேச்சுத் தமிழில் 'எலி' 'யெலி' ஆகும், 'ஒண்ணு' 'வொண்ணு' ஆகும். முன்னால் சொல்லே இல்லாவிட்டாலும் உடம்படுமெய் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோய் 'யெக்ஸாம்', 'வொன்லி', 'யெம்.எல்.ஏ.' என்கிறோம். விந்தை என்னவென்றால் 'தி எக்ஸாம்' என்று முன்னால் ஒரு சொல் வரும்போது அதே யகரம் சரியானது. வாக்கியத்தின் தொடக்கத்தில் மட்டும்தான் தவறு. தொண்டையைச் சற்றே அடைத்துத் திறந்து எகரத்தைத் தொடங்கினால் யகரம் நுழையாது.

அகரம், ஆகாரம், ஓகாரச் சாயல் கொண்ட நெடில்களுக்குப் பின் உயிர் வந்தால், தென் இங்கிலாந்தில் உடம்படுமெய்யாக வருவது ரகரம். அங்கே 'ஃபார்' என்பதன் ரகரம் தனியாக ஒலிக்காது, 'ஃபார் அவே' என்றால் உயிர்பெறும். அந்தப் பழக்கத்தில் எழுத்தில் ரகரமே இல்லாத இடத்திலும் அதைப் போடுவார்கள்: 'ஐடியா ஒவ்' 'ஐடியரவ்' ஆகும், 'லா அண்ட் ஆர்டர்' 'லோரன் ஓட' ஆகும். பிரிட்டனிலேயே இதைப் பிழை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், பின்பற்றத் தேவையில்லை.

திரியும் மெய்கள்

ஆங்கிலத்தில் நிலையில்லாத மெய்கள் நாக்கின் நுனியால் பிறப்பவை. இரண்டு டகரங்கள், நகரம் என்ற மூன்றுதான் பெரும்பாலும் திரியும். அடுத்து உதட்டொலி வந்தால் அவை உதட்டுக்குப் போகும், அடிநாக்கு ஒலி வந்தால் அங்கே போகும். 'டென் பவுண்ட்ஸ்' 'டெம் பவுண்ட்ஸ்' ஆகும், 'டென் கப்ஸ்' 'டெங் கப்ஸ்' ஆகும். நம் 'எம்பேரு', 'எங்கிட்ட' இரண்டும் இதே கணக்கு. 'குட் பாய்' 'குப் பாய்' போலவும் 'தேட் பென்' 'தேப் பென்' போலவும் கேட்கும். நுனிநாக்கின் வேலை முடியுமுன்பே அடுத்த ஒலிக்காக உதடு மூடிவிடுவதால், உள்ளே நாக்கு என்ன செய்தாலும் வெளியே தெரிவதில்லை. மகரம் திரியாது. தமிழில் 'மரம்' 'மரங்கள்' ஆகிறதே என்று 'சம் கைண்ட்' என்பதைச் 'சங் கைண்ட்' ஆக்கிவிடக்கூடாது.

சகரச் சாயலிலும் இது உண்டு: 'திஸ் ஷாப்' 'திஷ் ஷாப்' ஆகும்.

யகரம் சேரும்போது நடக்கும் மாற்றம்தான் பேச்சில் மிக அடிக்கடி அடிபடுவது. 'படித்து' 'படிச்சு' ஆவதும் 'ஐந்து' 'அஞ்சு' ஆவதும் முன்னால் நிற்கும் இகர, ஐகாரத்தால். ஆங்கிலத்தில் பின்னால் வரும் யகரம் அதே வேலையைச் செய்யும். 'மீட் யூ' 'மீச்சூ', 'டோன்ட் யூ' 'டோன்ச்சூ', 'டிட் யூ' 'டிஜ்ஜூ', 'வுட் யூ' 'வுஜ்ஜூ', 'மிஸ் யூ' 'மிஷ்யூ'. 'யூ' மெலிந்து 'ய' ஆனால் 'டிஜ்ஜ', 'வுஜ்ஜ'. தொடக்கத்தில் பார்த்த 'வாட்ஜ' இப்போது பிடிபடும்: 'டு' தேய்ந்து வெறும் 'ட்' ஆனது, யகரம் அதை 'ஜ' ஆக்கியது, 'யூ'வின் உயிர் ஷ்வா ஆனது. மூன்று விதிகள், ஒரே அசைக்குள்.

'ஹேவ் டு' என்பது 'கட்டாயம் செய்யவேண்டும்' என்ற பொருளில் வந்தால் வகரம் வலித்து 'ஹேஃப் ட' ஆகும். 'இரண்டு இருக்கிறது' என்ற பொருளில் 'ஐ ஹேவ் டூ' என்றால் வகரம் அப்படியே இருக்கும். எழுத்து வேறு என்பதால் அல்ல, முதலாவது ஒரே சொல்லாக உறைந்துவிட்டது என்பதால்.

கெட்டுப்போகும் 'ட்'

மூன்று மெய்கள் நெருக்கும்போது நடுவில் மாட்டிக்கொண்ட 'ட்' விழுந்துவிடும். 'நெக்ஸ்ட் டே' 'நெக்ஸ் டே' ஆகும். 'லாஸ்ட் வீக்' 'லாஸ் வீக்', 'மஸ்ட் பி' 'மஸ் பி', 'ஓல்ட் மேன்' 'ஓல் மேன்'. 'ஹேண்ட்பேக்' என்பதில் டகரம் விழுந்ததும் நகரம் பகரத்தின் பக்கத்தில் வந்துவிடுவதால் அது திரிந்து 'ஹேம்பேக்' ஆகிறது. கெடுதலும் திரிதலும் அடுத்தடுத்து. உயிர் தொடர்ந்தால் விழாது: 'நெக்ஸ்ட் எக்ஸிட்' என்பதில் 'ட்' எகரத்தின்மேல் ஏறிப் பத்திரமாக இருக்கும்.

இது நமக்குக் கிடைத்த சலுகை என்பதைப் பலர் உணர்வதில்லை. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. முடிந்தால் ஓர் உகரத்தைத் தாங்கலாக வைப்போம். பஸ் 'பஸ்ஸு' ஆனதும் பேங்க் 'பேங்கு' ஆனதும் அப்படி. அதே பழக்கத்தில் 'நெக்ஸ்ட்டு டே', 'லாஸ்ட்டு வீக்' என்று ஓர் அசையைக் கூட்டிவிடுகிறோம். ஆங்கிலக் காதுக்கு இல்லாத 'ட்' உறுத்தாது, கூடுதல் அசை உறுத்தும். கொத்தாக வரும் மெய்களைச் சொல்ல முடியாவிட்டால் உகரம் சேர்க்காதீர்கள், 'ட்'டை விட்டுவிடுங்கள். அந்த ஊர்க்காரரும் அதைத்தான் செய்கிறார்.

கேட்கும்போது இதே விதி நம்மைக் கவிழ்க்கும். 'வாக்ட் பேக்' என்ற இறந்தகாலமும் 'வாக் பேக்' என்ற நிகழ்காலமும் ஒரே மாதிரி ஒலிக்கும். அடுத்து உயிர் வந்தால்தான் காலம் வெளியே வரும்: 'வாக்ட் அவுட்' 'வாக் டவுட்' என்று கேட்கும். மெய் வந்தால், வாக்கியத்தில் 'நேற்று' என்பதுபோல் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து ஊகிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆங்கிலேயரும் அப்படித்தான் ஊகிக்கிறார். பன்மைக்கும் இதே கதி. 'டிக்கெட்ஸ் சோல்ட்' என்பதில் இரண்டு ஸகரங்கள் சேர்ந்து ஒரே நீண்ட ஸகரமாகும். ஐ.இ.எல்.டி.எஸ். கேட்டல் தேர்வில் 40 கேள்விகளுக்கும் ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். ஒருமையா பன்மையா என்பதைக் காதை மட்டும் நம்பி எழுதாமல், வினாத்தாளில் உள்ள வாக்கியத்தின் இலக்கணத்தையும் பார்த்து எழுதவேண்டும் என்பது இதனால்தான்.

அமெரிக்க ரகரமும் பிரிட்டிஷ் விக்கலும்

அமெரிக்கர் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் 'ட்'டை நுனிநாக்கால் ஒருமுறை தொட்டுவிட்டுப் போவார். தமிழ் இடையின ரகரம் பிறக்கும் விதமும் அதுவே. 'வாட்டர்' 'வாரர்' போலவும், 'ஷட் அப்' 'ஷரப்' போலவும், 'கெட் இட் அவுட்' 'கெரிரவுட்' போலவும் நமக்குக் கேட்பது அதனால். ஒரு சொல்லுக்குள் என்றால் அடுத்த அசையில் அழுத்தம் இருக்கக்கூடாது: 'ஆட்டம்' (அணு) என்பதில் 'ட்' தொட்டுப்போகும், 'அட்டாமிக்' என்பதில் மூச்சோடு முழுதாக வெடிக்கும். சொல்லின் எல்லையில் அந்தத் தடை இல்லை. 'அட் ஆல்' 'அரால்' ஆகும். எண்களில் கவனம் தேவை. முப்பது 'தர்ரி' என்று தொட்டுப்போகும். பதின்மூன்றில் 'டீன்' வெடித்து வரும்.

பிரிட்டனில் அதே 'ட்' தொண்டையில் சிக்கிய சிறு விக்கலாகிவிடும். 'காட் இட்' என்பது நடுவில் ஒரு வெட்டோடு 'கா-இ-' என்பதுபோல் கேட்கும். லண்டன் பேச்சில் இது மிகுதி.

எதைப் பேசப் பழகுவது, எதைக் கேட்க மட்டும்

எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பேச்சில் கொண்டுவர முயல்வது வீண். மெலிந்த வடிவங்களும் மெய்-உயிர் ஒட்டலும் வாயில் வரவேண்டும். பலன் பெரிது, உழைப்பு குறைவு. மூன்று மெய்களின் நடுவில் 'ட்'டை விடுவதும் அப்படியே. ஓரினமாகத் திரிவதை முயன்று செய்யத் தேவையில்லை. வேகம் வந்தால் தானே வரும். அமெரிக்க ரகரம், பிரிட்டிஷ் விக்கல், இல்லாத இடத்தில் வரும் ரகரம் மூன்றும் காதுக்கு மட்டும்.

பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். திரைப்படம் பார்த்து 'கான', 'வான' இரண்டையும் பிடித்துக்கொண்டு, மற்ற ஒட்டுவேலைச் சொற்களை முழு உருவத்தில் வைத்திருப்பார்கள். 'ஐ ஆம் கான கோ டூ தி ஆஃபீஸ்' என்று, கிழிந்த ஜீன்ஸுக்கு மேல் கோட்டு போட்டதுபோல் இருக்கும். 'கோயிங் டு' என்பது 'கான' ஆக அடுத்து வினைச்சொல் வரவேண்டும். சென்னைக்குப் போகிறேன் என்று ஊர்ப்பெயர் வந்தால் 'கான' வராது.

காதைப் பழக்க, எழுத்துவடிவம் கிடைக்கும் ஒலிப்பதிவில் 10 முதல் 15 விநாடித் துண்டு ஒன்று போதும். அதற்கு மேல் போனால் ஞாபகம் உழைக்குமே தவிரக் காது உழைக்காது. எழுத்தைப் பார்க்காமல் மூன்று முறை கேட்டு, விழுந்ததை அப்படியே எழுதுங்கள். பொருள் இல்லாவிட்டாலும், தமிழ் எழுத்தில் எழுதினாலும் சரி. பிறகு மூலத்தோடு ஒப்பிட்டு, தவறிய ஒவ்வோர் இடத்திலும் நடந்தது மெலிவா, ஒட்டலா, திரிபா, கெடுதலா என்று குறியுங்கள். ஒரு வாரத்தில் உங்கள் தவறுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் குவிவது தெரியும். அநேகமாக அது மெலிவாக இருக்கும். அதன்பின் அதே துண்டை, பேசுபவரின் நிழல்போல அரை விநாடி பின்தங்கி, கூடவே சொல்லுங்கள்.

பேசப் பழக, நீண்ட தொடரைக் கடைசியிலிருந்து கட்டுவது நல்லது. முன்னாலிருந்து தொடங்கினால் மூச்சும் தாளமும் பாதியில் உடையும். 'ஐ வுட் லைக் அ கப் ஒவ் டீ' என்பதை இப்படி: 'டீ', 'அ டீ', 'கப்ப டீ', 'அ கப்ப டீ', 'லைக்க கப்ப டீ', 'ஐட் லைக்க கப்ப டீ'. ஒவ்வொரு படியிலும் அழுத்தம் லைக், கப், டீ என்ற மூன்றில் மட்டும் விழவேண்டும். இடையில் உள்ளவை எத்தனை கூடினாலும் தட்டு கூடக்கூடாது.

தொலைபேசி எண், கடவுச்சொல், மருந்தின் அளவு, ஆள்பெயர் ஆகியவற்றைச் சொல்லும்போது இதையெல்லாம் நிறுத்திவிடுங்கள். அங்கே ஒவ்வொரு சொல்லும் தனித்து நிற்கவேண்டும். விமான ஓட்டிகளும் கட்டுப்பாட்டு அறையும் ஒன்பதை 'நைனர்' என்று ஓர் அசை கூட்டியே சொல்கிறார்கள். இரைச்சலில் 'நைன்', 'ஃபைவ்' இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும்.